வாக்கியக் கணக்கில் விடையைவிட வழியே முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு அடிப்படைச் செயல்களிலும் தேர்ந்த நடுநிலை வகுப்பு மாணவர்கள்கூட வாக்கியக் கணக்கைக் கண்டதும் தடுமாறுகிறார்கள். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘அதிகம்’ என்று வந்தால் கூட்டு என்று சொற்களைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடப் பழக்குவதே இதற்கு முதன்மையான காரணம் என்பது என் உறுதியான கருத்து. “அக்காவிடம் 24 பென்சில்கள் உள்ளன, இது தம்பியிடம் இருப்பதைவிட 6 அதிகம், தம்பியிடம் எத்தனை?” என்ற கேள்விக்கு 30 என்று எழுதும் பிள்ளை, யாரிடம் அதிகம் என்று ஒரு முறை தனக்குள் கேட்டுப் பார்த்திருந்தால் 18 என்று எழுதியிருக்கும்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழி வகுத்தல், அதன்படி செய்தல், திரும்பிப் பார்த்தல் என்ற நான்கு படிகளை 1945-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். நம் வகுப்பறைகளில் மூன்றாவது படிக்குக் கிடைக்கும் நேரத்தில் சிறு பங்குகூட முதலாவதற்கும் நான்காவதற்கும் கிடைப்பதில்லை.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில், ஒரு பேருந்தில் 36 பேர் செல்லலாம் என்றால் 1,128 படைவீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் தேவை என்று 13 வயது மாணவர்களிடம் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்ற சரியான விடையை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. 29 விழுக்காட்டினர் “31, மீதி 12” என்று எழுதினார்கள். மீதியுள்ள 12 பேரும் எதில் ஏறுவார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

திரும்பிப் பார்ப்பதன் பயனை வேகக் கணக்கில் தெளிவாகக் காணலாம். ஒருவர் 120 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடந்து, அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார் என்றால், சராசரி வேகம் 50 என்றே பலருக்கும் தோன்றும். சராசரி வேகம் என்பது மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுப்பது என்பதை முதலில் எழுதிக்கொண்டால், போக 2 மணி, திரும்ப 3 மணி, ஆக 5 மணி நேரத்தில் 240 கி.மீ. என்றாகி, விடை 48 என்று கிடைக்கும். மெதுவாகச் சென்ற நேரமே அதிகம் என்பதால் விடை 50-க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று மாணவர் தாமே சொல்லிப் பார்த்தால், வேறு எவரும் திருத்தித் தர வேண்டிய தேவை இராது.

இப்படிச் செய்ய நேரம் கூடுதலாகும் என்பது உண்மைதான். எனினும், ஒரே வகைக் கணக்குகள் பத்தை அவசரமாக முடிப்பதைவிட, இரண்டை இவ்வாறு நிதானமாகச் செய்வதே நல்லது. தேர்வில் விடை தவறினாலும், கணக்கைத் தம் சொற்களில் எழுதியதற்கும் சரிபார்த்ததற்கும் தனி மதிப்பெண் வழங்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் மாணவர்களுக்கான கணக்குகளை வெளியிடும்போது, விடையை மட்டும் தராமல், கேட்கப்பட்டது என்ன, தரப்பட்டவை எவை, விடை பொருந்துவது எப்படி என்பவற்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு கணித ஆசிரியர்