வளைவு சரி, மதிப்பீடு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் அலங்கார வளைவு கட்டப் போகிறார்களாம். உச்சியில் சங்கு வைப்பதா, பாய்மரப் படகு வைப்பதா என்ற பேச்சிலேயே கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. செலவைக் கேட்டால், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வருகிறது. கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பது மட்டும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது!

சங்கோ படகோ, எனக்கு இரண்டும் சம்மதம். கவலையெல்லாம் தூணுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றித்தான். இங்கே உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உரிகிறது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 விதிப்படி, கடல்நீர்ச் சாரல் படும் கட்டுமானத்தில் கம்பிக்கு மேல் குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டால் துரு உள்ளேயே தொடங்கிவிடும். ஆகவே நல்ல தண்ணீர் லாரிக்கும் சேர்த்தே மதிப்பீடு போட வேண்டும். 1964 புயலைக் கண்ட கடற்கரை இது. காற்றின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

அப்புறம் அகலம். மீன் லாரியும் டிரெய்லரில் ஏற்றிய படகும் தடையின்றி நுழைய வேண்டும். போக்குவரத்துக்கு இடைஞ்சலான மதுரை மாட்டுத்தாவணி நக்கீரர் தோரண வாயிலை 2025-இல் இடித்தபோது, தூண் சரிந்து பொக்லைன் ஓட்டுநர் உயிரிழந்தார்.

பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தையும் மதிப்பீட்டையும் முதலில் மீன் ஏலக்கூடச் சுவரில் ஒட்டட்டும். வசூல் நோட்டை அதன்பிறகு எடுத்து வரலாம்.

– வாசகர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்