810-ஆ, 672-ஆ?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும், எந்தத் தொலைபேசித் தடத்தில் எத்தனை குரல் ஏறும் என்று அலகு மாற்றப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாயா? சிரிப்புதான் வந்தது, நீ மாறவே மாட்டாய். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. இன்னொரு செய்தி, நாம் இரவெல்லாம் காவல் காத்த அந்தப் பழைய மக்ஸ் ரேக்குகளை, பல குரல்களை ஒரே தடத்தில் சேர்த்து அனுப்பிய அந்தப் பெட்டிகளை, கழற்றுகிறார்கள். கழற்ற வந்த பையன் ஒருவன், "சார், டி1 தடத்தின் வேகம் 1.544 மெகாபிட் என்கிறார்களே, அந்த எண் எங்கேயிருந்து வந்தது? ஒரு முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதில் உன் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது.

ஓசி-1 என்ற ஒளியிழைத் தடத்துக்கு 810 டிஎஸ்0, அதாவது 810 குரல் சேனல் என்று அலகு மாற்றக் கணிப்பான் காட்டுகிறது, நமக்குப் பாடமாக இருப்பதோ 672 என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் சரிதான். கேட்ட கேள்விகள்தான் வேறு வேறு.

குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு தடவையும் 8 பிட்டாக எழுதினால் நொடிக்கு 64 கிலோபிட், அதுதான் ஒரு டிஎஸ்0. அதாவது 125 மைக்ரோநொடிக்கு ஒரு பைட். அமெரிக்காவின் டி1, ஐரோப்பாவின் இ1, ஓசி தடங்களுக்கான சோனெட், அதன் சர்வதேச வடிவமான எஸ்டிஎச் எல்லாவற்றிலும் ஃபிரேம், அதாவது ஒரு சுற்றில் போகும் பைட்களின் தொகுப்பு, இந்த 125 மைக்ரோநொடித் தாளத்திலேயே ஓடுகிறது. அதனால் அந்த ஃபிரேமில் எந்த பைட்டைத் தொட்டாலும் அது 64 கிலோபிட். டி1-இல் 24 பைட், கூடவே ஃபிரேமின் தொடக்கத்தைக் காட்ட ஒரே ஒரு பிட். மொத்தம் 193 பிட். அதை 8000-ஆல் பெருக்கினால் பையன் முகம் சுளித்த 1.544 மெகாபிட் வந்துவிடும். இ1-இல் 32 பைட், 2.048 மெகாபிட். அதிலும் பேச்சுக்கு 30தான். ஒன்று ஒத்திசைவுக்கு, ஒன்று சிக்னலிங்குக்கு, அதாவது அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும்.

ஓசி-1 ஃபிரேம் 9 வரிசை, 90 நெடுவரிசை, 810 பைட். 64 கிலோபிட்டால் பெருக்கு, 51.84 மெகாபிட். கணிப்பான் அதைத் திருப்பி வகுத்து 810 என்கிறது, அவ்வளவுதான். பேருந்தின் நீளத்தை இருக்கையின் நீளத்தால் வகுத்து இத்தனை பேர் உட்காரலாம் என்று சொல்வது மாதிரி. படிக்கட்டும் ஓட்டுநரும் எங்கே போவார்கள்?

உள்ளே போய் எண்ணிப் பார். முதல் 3 நெடுவரிசை செக்‌ஷன், லைன் ஓவர்ஹெட்டுக்கு, அதாவது தடத்தை நிர்வகிக்கும் தகவலுக்கு. ஒன்று பாத் ஓவர்ஹெட்டுக்கு. டி1-களை ஏற்றும்போது இன்னும் 2 நெடுவரிசை வெறும் நிரப்பாக நிற்கும். மிச்சம் 84 நெடுவரிசை, 756 பைட். ஒரு டி1-க்கு 3 நெடுவரிசை, 27 பைட் என்று பிரித்தால் 28 டி1. அந்த 27-இல் பேச்சு 24 பைட்தான். மீதி மூன்றில் ஃபிரேம் பிட், கடிகார வேறுபாட்டைச் சரிக்கட்டும் பிட்டுகள், அந்த டி1-இன் சொந்த ஓவர்ஹெட். 28 × 24 = 672. டி1-களைச் சேர்த்துக் கட்டும் பழைய டிஎஸ்3 தடம் வழியாக ஏற்றினாலும் அதே 672தான், 44.736 மெகாபிட்டுக்குள் 28 டி1. அங்கே ஃபிரேம் 125 மைக்ரோநொடித் தாளத்தில் ஓடாது. ஒவ்வொரு டி1-இன் கடிகாரமும் ஒரு மயிரிழை வித்தியாசமாக ஓடும், அதைப் பிட் திணித்துச் சமாளிக்கிறார்கள். அதனால்தான் ஒரு டி1-ஐ உருவ முழு டிஎஸ்3-ஐயும் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த இரவுகள் உனக்கு மறந்திருக்காது.

ஓசி-1-க்கு மேலே தலைவலி இல்லை. பைட்களை மாற்றி மாற்றிக் கோப்பதால் நேர்ப் பெருக்கல்தான்: ஓசி-3 என்றால் 155.52 மெகாபிட், 84 டி1, 2016 குரல்.

எஸ்டிஎச்-தான் வேடிக்கை. அதன் அடிப்படைத் தடமான எஸ்டிஎம்-1-க்கும் அதே 155.52. அதை 2.048-ஆல் வகுத்தால் 75.9375 இ1. உண்மையில் ஒவ்வொரு இ1-ஐயும் விசி-12 என்ற தனிப் பெட்டியில் ஏற்றினால் 63. 64 இ1 சேர்ந்த இ4-ஆகக் கொண்டுவந்து ஏற்றினால் 64. 16 இ1 சேர்ந்த இ3-கள் மூன்றாக ஏற்றினால் வெறும் 48! ஒரே குழாய், மூன்று விடை. எனக்கு 63தான் பிடிக்கும். ஒரு இ1-ஐ விட்டுக்கொடுத்தால் எந்த இ1-ஐயும் நடுவழியில் தனியாக இறக்கலாம், ஏற்றலாம். இதை எந்தக் கணிப்பானும் சொல்லாது.

அப்புறம் ஒன்று, பழைய டி1-களில் சிக்னலிங்குக்காகக் குரலின் கடைசிப் பிட்டை அவ்வப்போது திருடுவார்கள் இல்லையா, அந்தச் சேனலில் டேட்டா அனுப்பினால் நம்பி எடுக்கக்கூடியது 56 கிலோபிட்தான். பட்டியலில் ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடு.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண் வை: வேகத்தை வகுத்தால் வருவது, உண்மையில் ஏறுவது. ஓசி-48-க்கு 38,880, 32,256. ஓசி-192-க்கு 1,55,520, 1,29,024. எஸ்டிஎச் வரிகளில் எந்த வழியாக ஏற்றியது என்பதற்கு இன்னொரு கட்டம் வேண்டும். ஐபி வழிக் குரலை இதில் கலக்காதே. அதே 64 கிலோபிட் குரல் 20 மில்லிநொடிப் பாக்கெட்டில் ஐபி தலைப்புகள் சேர்ந்ததுமே 80 கிலோபிட் ஆகிவிடுகிறது, ஈதர்நெட் தலைப்பு அதற்கும் மேலே. அதற்குத் தனிப் பட்டியல்தான் சரி.

முடித்ததும் ஒரு பிரதி அனுப்பு. பையனிடம் கொடுக்கிறேன், அடுத்து அவன் 2.048-ஐப் பற்றிக் கேட்கப் போகிறான்.

உன்,
பழைய கூட்டாளி