மகளின் பட்டச் சான்றிதழ்

ஐயா,

என் மூத்த மகள் திருநங்கை. அரசிதழில் பெயர் வெளியாகி, ஆட்சியர் தந்த அடையாளச் சான்றும் கையில் இருக்கிறது. ஆதார்கூட மாறிவிட்டது. படித்த கல்லூரி மட்டும் பட்டச் சான்றிதழைத் திருத்தித் தர மறுக்கிறது. "படிக்கும்போது இருந்த பெயர்தானே வரும்?" என்கிறார் அலுவலக எழுத்தர். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர்கள், இரண்டு பெயரையும் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று தண்டையார்பேட்டை வரை பேருந்தில் அவள் வாயே திறக்கவில்லை.

அவரவர் பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மாற்றுப் பாலினத்தவர் உரிமைகளுக்கான 2019 சட்டத்தின்கீழ் வந்த 2020 விதிகள், அடையாளச் சான்றைக் காட்டினால் திருத்த வேண்டிய ஆவணங்களில் கல்விச் சான்றிதழையும் சேர்த்தன. எழுத்தருக்கு அதை யார் சொல்வது?

அர்ஜென்டினாவில் 2012 முதலே மருத்துவரும் நீதிபதியும் இல்லாமல் விண்ணப்பத்தாலேயே பெயரும் பாலினமும் மாறுகின்றன. அயர்லாந்து 2015-லும் ஜெர்மனி 2024-லும் சுய அறிவிப்பை ஏற்றன. 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. உயர்கல்வித் துறை எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இந்தக் கல்வியாண்டுக்குள் அனுப்ப வேண்டும்.

– ஒரு தாய்,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை