கடலோர மக்தப் உஸ்தாதுகளுக்குக் கற்பித்தல் பயிற்சி கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், இராமநாதபுரம்.
அனுப்புநர்: தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள மக்தப் (பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் இடம்) உஸ்தாதுகள் (ஆசிரியர்கள்).
பொருள்: கற்பிக்கும் முறையில் பயிற்சி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. எனவே மார்க்கப் பாடம் எங்கள் பொறுப்பு. அதற்கு எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையில் மட்டுமே உதவி கேட்கிறோம்.

மதரஸாவில் பல ஆண்டு ஓதி ஆலிம் (மார்க்க அறிஞர்) ஆனவருக்கும் ஆறு வயதுப் பிள்ளையைக் கையாள யாரும் பழக்குவதில்லை. ஒரு மணி நேரத்தில் 40 பிள்ளைகள் என்றால் ஸபக் (அன்றைய பாடம்) கேட்க ஆளுக்கு ஒன்றரை நிமிடம். மீதி நேரமெல்லாம் பிள்ளை தன் பிழையையே உரக்க ஓதி மனப்பாடம் செய்துகொள்கிறது.

பெரிய சிக்கல் ஒலியில். அரபியில் அடிநாக்கை உள்நாக்கருகே வைத்துச் சொன்னால் ‘கல்ப்’ இதயம். சற்று முன்னால் வைத்துச் சொன்னால் நாய். தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாசீன் என்ற குர்ஆன் அத்தியாயத்தில் இரண்டும் ஒரே ‘க’. (தமிழ் ஒலிக்கென்று அரபு எழுத்தில் புள்ளி கூட்டி ‘அரபுத் தமிழ்’ எழுதிய கீழக்கரையில் இந்த நிலை என்பது வேதனை.) வாயைத் திருத்துமுன் காதைப் பழக்க வேண்டும். உஸ்தாத் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல, பிள்ளை வலக்கையோ இடக்கையோ தூக்கட்டும். தினம் ஐந்து நிமிடம் போதும். இந்த வழி தெரியாத இடத்தில்தான் பிரம்பு வருகிறது.

ஓதுவதற்குப் பொருள் கேட்கும் பிள்ளையை அதட்டுவதும் உஸ்தாதின் தயக்கத்தால்தான். ‘நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்’ என்று கூசாமல் சொல்லவும் பழக்கம் வேண்டும்.

அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வயதைப் பாராமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். எங்கள் கலப்பு வகுப்புக்குத் தேவைப்படுவது அதுவே. மஞ்சூர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்களைக் கொண்டு ஆறு அரைநாள் பயிற்சி நடத்த ஆணையிடக் கோருகிறோம். மஞ்சூர் எங்களுக்குத் தொலைவு. தொண்டியிலும் கீழக்கரையிலும் நடந்தால் எல்லோரும் வரலாம். லுஹர் (நண்பகல்) தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருக்க வேண்டியிருப்பதால் காலை 9 முதல் 11.30 வரை வைக்கவும். வெள்ளிக்கிழமையும் ரமலானும் வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஒரு வகுப்பையாவது நேரில் வந்து பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்; உரை மட்டும் கேட்டால் பழைய பழக்கம் போகாது.

இப்படிக்கு,
கடலோர மக்தப் உஸ்தாதுகள்