மோட்டார் அறைச் சிலந்தி குறித்து உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். அழகர்கோவில் சாலையிலுள்ள நம் குடியிருப்பின் மோட்டார் அறையில் ஆளைக் கொல்லும் சிலந்தி இருப்பதாக நேற்றிரவு முதல் குழுவில் சுற்றிவரும் படம், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த புனல்வலைச் சிலந்தியினுடையது. அது மதுரைப் பக்கம் கிடையாது. அதன் ஆண் சிலந்தியின் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, வியர்வை, தசைத்துடிப்பு, மூச்சுத்திணறல் என விரைவிலேயே உயிருக்கு ஆபத்தாகக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் 1981-இல் நச்சுமுறிவு மருந்து வந்த பிறகு அங்கேயே அதன் கடியால் உறுதியான இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்பதைப் படத்தைப் பரப்பியவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள்.

இன்று காலை டார்ச் விளக்குடன் சென்று பார்த்தேன். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால், வட்டு போன்ற வெளிர்நிற முட்டைப்பையை வயிற்றுக்கடியில் அணைத்தபடி சுவரோடு ஒட்டியிருந்தது, கரப்பான் பிடித்துத் தின்னும் நம் சாதாரண வீட்டுச் சிலந்திதான். கையால் அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவே.

எந்தச் சிலந்தி கடித்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். சுண்ணாம்பு தடவ வேண்டாம். வலி பரவினாலோ வியர்த்துக் கொட்டினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மோட்டாரை வழக்கம்போல் போடலாம்.