கார்டு பாக்கி பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கிரெடிட் கார்டு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. வசூல் ஏஜென்ட் ஒருவர் நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு எனக்குப் போன் செய்தார். கார்டு வாங்கும்போது இன்னொரு நம்பராக என் நம்பரைக் கொடுத்திருந்தாயாம். அப்புறம் தம்பியைப் பிடித்துக் கேட்டேன். பாக்கி 74,000 ரூபாய், இரண்டு மாதமாகக் கட்டவில்லை என்று அவன்தான் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. படிப்பை விட்டுவிட்டு மறுபடி சிறுசேரி வேலைக்கே போய்விடலாமா என்று அவனிடம் கேட்டாயாமே, அதைக் கேட்டதும் எனக்கு மனசே சரியில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், கணக்கு பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பை விடக்கூடாது. அந்த எண்ணத்தையே எடுத்துவிடு. எம்பிஏ சீட்டுக்காக இரண்டு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் படித்தவள் நீ. 74,000 ரூபாய் பெரிய தொகைதான், நம் வீட்டுக்கு இன்னும் பெரியது. ஆனால் அதற்காக உன் படிப்பைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நீ ஊதாரித்தனம் பண்ணினாய் என்று நான் நினைக்கவில்லை. தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால் லேப்டாப், ஹாஸ்டல் டெபாசிட், தீபாவளிக்கு வந்துபோன டிக்கெட், மெஸ் பணம் என்று எல்லாமே தேவையான செலவுதான். சம்பளம் வந்த காலத்தில் வாங்கிய கார்டு அது. அப்போதெல்லாம் முழு பில்லையும் மாதாமாதம் கட்டிவிட்டாய். புனேக்குப் படிக்கப் போனதும் சம்பளம் நின்றுவிட்டது, லிமிட் மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, அதை மட்டும் கட்டினால் போதும் என்று பில்லில் போட்டிருந்ததை நம்பிவிட்டாய்.

அந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார். மாதம் 3.6 சதவீதம் என்று உன் பில்லில் இருக்கிறதாம். நம் ஊர்ப் பேச்சில் மூணரை வட்டிக்கும் மேலே. நான் வேலை பார்க்கிற கடன் சங்கத்துக்குக் கடன் கேட்டு வருகிற விவசாயிகள், வெளியில் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன் என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். 74,000-க்கு ஒரு மாத வட்டி 2,664 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 480 ரூபாய். ஆக 3,144. மினிமம் டியூவை ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,700 வரும். மெஸ் காசை மிச்சம் பிடித்து நீ 3,700 கட்டினால் அசலில் குறைவது 556 ரூபாய். கட்டாவிட்டால் லேட் ஃபீஸ், அதற்கும் ஜிஎஸ்டி. இதில் இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக எது வாங்கினாலும் அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டி, கட்டணம் தனி.

கார்டு பாக்கிக்கு வருஷம் முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்றது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பு சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் வட்டி குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை, நாமே இந்தக் கடனை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. என் இரண்டு வளையலை அரசு வங்கியில் வைக்கப் போகிறேன். நகைக்கடனுக்கு வட்டி வருஷத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 74,000-க்கு மாதம் 617 ரூபாய். 3,144 எங்கே, 617 எங்கே? அம்மா நகையை அடகு வைக்கும்படி ஆகிவிட்டதே என்று நீ குமைவாய், எனக்குத் தெரியும். சங்கத்தில் நகைக்கடன் லெட்ஜர் எழுதுகிறவள் நான். நடவுக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் நகை வைத்து, அறுவடை முடிந்து மீட்டுக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இதற்கெல்லாம் உதவத்தான் நகை சேர்க்கிறோம். ஏப்ரலில் உனக்கு இன்டர்ன்ஷிப் ஆரம்பிக்கும். அதுவரை வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டைபெண்ட் வந்ததும் அதில் பாதியை நகைக்கடனுக்கு அனுப்பு. மீதியை வேலை கிடைத்ததும் நீயே அடைக்க வேண்டும். இது உன் கடன், நான் வட்டியைத்தான் குறைத்துக் கொடுக்கிறேன்.

கடனை இஎம்ஐயாக மாற்றித் தருகிறோம் என்று பேங்க்கிலும் சொல்வார்கள். வேறு வழியில்லாத பிள்ளைகளுக்கு அது நல்ல வழிதான், தாராளமாகக் கேட்கலாம். நமக்கு நகைக்கடன் அதைவிட மலிவு. ஆனால் செட்டில்மென்ட் என்று சொல்லிப் பாதிப் பணத்தைக் கட்டு, கணக்கை முடித்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. நீ கடனை எப்படிக் கட்டினாய் என்று காட்டுகிற சிபில் ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘செட்டில்ட்’ என்று விழுந்துவிடும், அது வருஷக்கணக்கில் நிற்கும். நீ பேங்க் வேலைக்கும் முயற்சி பண்ணுவேன் என்கிறாய். கடனோ கார்டு பாக்கியோ கட்டத் தவறியவர்களுக்குத் தகுதியில்லை என்று எஸ்பிஐ தன் வேலை அறிவிப்பிலேயே போடுகிறது. அப்படி நியமனம் ரத்தான ஒருவரின் வழக்கில் 2025-இல் சென்னை உயர்நீதிமன்றமும் வங்கியின் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. கட்டாமல் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். நீ இன்னும் அங்கே போகவில்லை, அதனால்தான் இந்த அவசரம்.

இனி அந்த ஏஜென்ட். காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழு மணிக்குப் பின்னாலும் கடன் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட உத்தரவு. குடும்பத்தாரையோ நண்பர்களையோ தொந்தரவு செய்யவும் கூடாது. அதை அவரிடம் சொல்லி, பெயரும் ஏஜென்சி பெயரும் கேட்டேன். உடனே, போலீஸ் வரும் என்றார். வராது பாப்பா. கார்டு பாக்கி கட்ட முடியாமல் போவது குற்றமில்லை, அது சிவில் விவகாரம். அதற்காக யாரும் உன்னைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. ஆனால் தேதி போட்டு ஒரு செக் கொடுங்கள் என்று கேட்டால் கொடுத்துவிடாதே. அது பணமில்லாமல் திரும்பினால் செக் திரும்புவதற்கான 138-வது சட்டப் பிரிவில் கிரிமினல் வழக்கே போடலாம். ஏஜென்ட் சொல்கிற யுபிஐ நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. பேங்க் ஆப் வழியாக கார்டு கணக்குக்கு நேராகக் கட்டினால் போதும். யாராவது மரியாதையில்லாமல் பேசினால் தேதி, நேரம், நம்பர் மூன்றையும் குறித்துவைத்து பேங்க்குக்குப் புகார் மெயில் அனுப்பு. முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் புகார்களைத் தீர்த்து வைக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 14448-க்குப் போன் செய்தால் எப்படி என்று சொல்வார்கள், காசு கிடையாது.

உன் ரூம்மேட்டுக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கப்படுகிறாயாம். அந்தப் பெண்ணிடமே உட்கார்ந்து பேசு. உன் வகுப்பில் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு வெளியில் சொல்லாமல் இருக்கிற பிள்ளைகள் வேறு யாரும் இருக்கலாம். அவர்களுக்கும் இந்தக் கணக்கைக் காட்டு.

நாளைக்கு நீ செய்ய வேண்டியது இதுதான். கார்டை ஆப்பில் லாக் பண்ணிவிடு. அதிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிகிற சந்தா எது இருந்தாலும் நிறுத்து. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மொத்தமாக அடைத்தால் எவ்வளவு என்று கேள். லேட் ஃபீஸைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்டும் பார். கேட்பதில் நஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உன் கணக்குக்குப் பணம் வந்துவிடும். கட்டியதோடு முடிந்தது என்று இருந்துவிடாதே. கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் வால் மாதிரி வரும், அதையும் கட்டு. அப்புறம் கார்டை மூடச் சொல்லி எழுதிக்கொடு. பாக்கி எதுவும் இல்லையென்றால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள்தான் உனக்குத் தர வேண்டும். பாக்கி இல்லை என்கிற நோ டியூ சர்டிஃபிகேட் வாங்கி எனக்கும் ஒரு காப்பி அனுப்பு.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் உன்னைத் திட்டவில்லை. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்டார். மெஸ்ஸுக்குத் தனியாக 4,000 அனுப்பியிருக்கிறார், அதைக் கார்டுக்குக் கட்டிவிடாதே. இன்றைக்கு ராத்திரியே மூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா