‘முதல் அச்சு மோனோ’ என்று எழுதி விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பழைய இசைத்தட்டு வணிகர்களுக்கு,

வணக்கம். அறுபதுகளின் சைகடெலிக் ராக் இசைத்தட்டுகளை, அவற்றிலும் இங்கிலாந்தில் வெளியான மோனோ (ஒற்றைத் தட ஒலி) முதல் அச்சுகளை, பல ஆண்டுகளாகத் தேடி வாங்கி வருபவன் நான். கடைக்கு நேரில் வந்து தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. கடலுக்கு இப்பால் இருந்துகொண்டு, நீங்கள் எழுதும் நான்கு வரி விவரத்தை நம்பியே பணம் அனுப்புகிறேன். அந்த நான்கு வரிகளைப் பற்றியதே இந்த மடல்.

மோனோவுக்கு நாங்கள் ஏன் கூடுதல் விலை தருகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 1967இல் பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்பாலும் இருந்தவை மோனோ கருவிகளே. ஆகவே கலைஞர்களின் கவனமும் மோனோ கலவையின் மீதே இருந்தது. பீட்டில்ஸ் குழுவினர் ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பின் மோனோ கலவைக்கு உடனிருந்து உழைத்தார்கள். இரு தடங்கள் கொண்ட ஸ்டீரியோவையோ தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவுப் பொறியாளர்களும் அவர்கள் இல்லாமலே முடித்தார்கள். விளைவு, ஒரே பெயரில் வேறுபட்ட இரண்டு தொகுப்புகள். மோனோவில் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ சற்று வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கிறது. ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ பாடலில் லெனனின் குரல் நீருக்கடியில் அலைவதுபோலக் குழைகிறது. பிங்க் ஃப்ளாய்டின் முதல் தொகுப்பான ‘த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ ஸ்டீரியோவில், ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ முடியும் தறுவாயில் ஒலி இடமும் வலமுமாக ஊசலாடும். மோனோவில் அந்த வித்தை இல்லை. முழுச் சத்தமும் ஒரே திரளாக நேரே வந்து மோதுகிறது. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ரசனை அவரவருடையது, ஆனால் நான் கேட்டது இரண்டாவதுதான் என்றால் எனக்கு வர வேண்டியதும் அதுவே.

இனி ‘அரிது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ்’ மோனோவை, பார்லோஃபோன் நிறுவனத்தின் பிஎம்சி 7027 என்ற எண்ணுள்ள தட்டை, அரிது என்று எழுதுவது நியாயமில்லை. அங்கே அது ஊரெல்லாம் வாங்கிய தட்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’ டிராக் நிறுவனத்தின் 612 001 என்ற எண்ணில் 1967 மே மாதம் அங்கு வெளிவந்தபோது மோனோவாக மட்டுமே வந்தது. அதை ‘அரிய மோனோ பதிப்பு’ என்று விளம்பரப்படுத்தும்போது, எதைவிட அரிது என்று கேட்கத் தோன்றுகிறது. நல்ல நிலையில் இருக்கும் பிரதி அரிது என்றால் ஒப்புக்கொள்கிறேன், அப்படியே எழுதுங்கள். உண்மையிலேயே அரியவை மோனோவின் அந்திமக் காலத்தில் வந்தவை. பிங்க் ஃப்ளாய்டின் ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ (கொலம்பியா எஸ்எக்ஸ் 6258, 1968), பிரிட்டி திங்ஸின் ‘எஸ்.எஃப். சாரோ’ (கொலம்பியா எஸ்எக்ஸ் 6306, 1968 டிசம்பர்) ஆகியவை அந்த வகை. அமெரிக்காவின் கதை வேறு. அங்குள்ள நிறுவனங்கள் 1967இன் நடுவிலேயே மோனோவின் விலையை ஸ்டீரியோவுக்குச் சமமாக உயர்த்தின; அடுத்த ஆண்டில் மோனோ அநேகமாக மறைந்துவிட்டது. அதனால்தான் 1968 தொடக்கத்தில் அங்கு வந்த ஹென்ட்ரிக்ஸின் ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ மோனோவை இன்று தேட வேண்டியிருக்கிறது.

லேபிளில் மோனோ என்று அச்சிட்டிருப்பதாலேயே உள்ளே தனி மோனோ கலவை இருந்துவிடாது. 1969 ஜனவரியில் வெளியான ‘யெல்லோ சப்மரின்’ தொகுப்பின் மோனோ தட்டு, ஸ்டீரியோவின் இரு தடங்களையும் ஒன்றாக்கி வெட்டப்பட்டதே. சேகரிப்பவர் அதையும் வாங்குவார், நானும் வாங்கியிருக்கிறேன்; வரிசை நிரம்ப வேண்டும் என்ற ஆசை பொல்லாதது. ஆனால் ‘வேறெங்கும் கேட்க முடியாத மோனோ கலவை’ என்ற வரியை அதற்கு அடியில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் அச்சு என்பதற்கான சான்றை உறையில் தேடுவதைவிட, கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் தேடுவதே முறை. இஎம்ஐ நிறுவனத்தின் ஹேய்ஸ் ஆலையில் அச்சான தட்டுகளில், லேபிளைக் கடிகார முகமாகக் கொண்டால், 6 மணி இடத்தில் எந்த வெட்டு என்று காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணும், 9 மணி இடத்தில் தாய்த்தகட்டின் எண்ணும், 3 மணி இடத்தில் தட்டை அழுத்தி அச்சிடும் தகடான ஸ்டாம்பரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்று, ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்ற பெயரின் சுருக்கமே அங்கு எண்வரிசையாகிறது. ‘பெப்பர்ஸ்’ மோனோவில் எக்ஸ்இஎக்ஸ் 637-1, 638-1 என்றிருந்தால் அவை முதல் வெட்டுகள். எனினும் முதல் வெட்டு வேறு, முதல் வாரத்தில் அச்சானது வேறு; ஒரே வெட்டிலிருந்து பல தாய்த்தகடுகளும், ஒவ்வொரு தாய்த்தகட்டிலிருந்தும் பல ஸ்டாம்பர்களும் எடுக்கப்பட்டன. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகளிலும் இதே பிரிட்டிஷ் மேட்ரிக்ஸ் எண்களைக் காணலாம். ஆகவே மூன்று இடங்களிலும் உள்ளதை அப்படியே எழுதுங்கள்; முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இதற்கு வேண்டியது ஒரு கைவிளக்கும் இரண்டு நிமிடமும்தான்.

வேறொரு படியிலிருந்து எடுத்துச் சேர்த்த உள்ளுறையோ, ‘பெப்பர்ஸ்’ தொகுப்போடு வந்த வெட்டியெடுக்கும் அட்டையோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சேர்த்தது குற்றமல்ல.

கடைசியாக, என்னை இந்த மடலை எழுத வைத்த காரியம். சில ஆண்டுகளுக்கு முன்பு ‘பைப்பர்’ மோனோ ஒன்றை, எஸ்எக்ஸ் 6157ஐ, ‘எக்ஸலன்ட்’ என்ற தரக்குறிப்பை நம்பி வாங்கினேன். வந்த தட்டு கண்ணாடிபோலப் பளபளத்தது. ஒரு கீறல் இல்லை. ஊசியை வைத்தேன். முதல் பக்கத்தின் கடைசி இரண்டு பாடல்களில் குரலும் ஆர்கனும் கிழிந்து கரகரத்தன. தேய்ந்த ஊசியும் அதைத் தாங்கும் கனமான கையும் கொண்ட ஏதோ ஒரு பழைய கருவி அந்தப் பள்ளங்களை அரைத்துவிட்டிருந்தது. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசியின் கீழ் ஓடும் பள்ளத்தின் வேகம் குறைவதால், சிதைவு அங்கேதான் முதலில் காதில் படும். கண்ணுக்கோ படவே படாது. விற்றவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் அதை ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

‘எக்ஸலன்ட்’ என்ற சொல்லும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பிரிட்டனின் ‘ரெக்கார்ட் கலெக்டர்’ இதழின் அளவுகோலில் அது இரண்டாம் படி. அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ அளவுகோலில் அப்படியொரு படியே கிடையாது. எந்த அளவுகோல் என்று ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலையாவது ஓட்டிக் கேட்டு எழுதுங்கள். கேட்டது மோனோ கார்ட்ரிட்ஜிலா (ஊசியின் அசைவை ஒலிக்குறிப்பாக மாற்றும் பகுதி) ஸ்டீரியோவிலா என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. மோனோ பள்ளத்தில் இசை இருப்பது பக்கவாட்டு அசைவில் மட்டுமே. மேலும் கீழுமான அசைவைப் பொருட்படுத்தாத மோனோ கார்ட்ரிட்ஜ் தூசியின் வெடிப்பொலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், ஸ்டீரியோ அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் காதுக்குச் சுத்தமாகப்பட்டது எனக்கு இரைச்சலாகப்படுவதற்கு இந்த ஒன்றே போதும்.

இவ்வளவையும் எழுதினால் விலை ஏறும் என்று சொல்வீர்கள். ஏறட்டும், தருகிறேன். என்னிடமுள்ள அந்தப் ‘பைப்பர்’ படியை இந்த மாதம் விற்பனைக்கு வைக்கிறேன். ‘உறை மிக நன்று, இரண்டாம் பக்கம் குறையில்லை, முதல் பக்கத்தின் கடைசி இரண்டு பாடல்களில் கரகரப்பு உண்டு, ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் கேட்டது’ என்று விவரம் எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்கேனும் வேண்டுமானால் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்